மாமனாருக்குப் போட்ட பீர்

மீட்டர் மறுபடியும் இறங்கியிருந்தது.

காசிநாதன் குளியலறை மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்பானைக்குள் மிதந்த கண்ணாடிக் குழாயைக் கவலையோடு பார்த்தான். நேற்றைவிட இன்று அது ஆழமாக அமிழ்ந்திருந்தது. சரக்கு நீர்த்துக்கொண்டு போகிறது என்று அதற்கு அர்த்தம். ஆம்பூர் டேனரியில் தோல் ஊறும் பட்டைக்குழிகளுக்கு மேஸ்திரியாக இருப்பவனுக்கு இதைக்கூடவா ஒருவர் சொல்லித்தர வேண்டும்?

"செண்பகம், அந்த வெல்லத்த எடுத்தா."

"நேத்துதானே அவ்ளோ போட்டீங்க. பீரு போடறீங்களா, பாயசம் வெக்கறீங்களா?"

"காரம் இறங்கிப் போச்சு. இப்டியே உட்டா உங்கப்பாவுக்குப் பச்சத்தண்ணிதான்."

செண்பகம் முணுமுணுத்துக்கொண்டே வெல்ல உருண்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதை உடைத்துப் பானையில் போட்டுக் கலக்கினான். குழாய் மெல்ல மேலே எழும்பி வந்தது. அவனுடைய மனமும் கூடவே எழும்பியது.

பானையில் இருந்தது பீர். அதாவது, பீர் ஆகவேண்டும் என்று அவன் ஆசைப்பட்டது. மதுவிலக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. பெங்களூரிலிருந்து ஒரு பாட்டிலைக் கூடையில் ஒளித்து எடுத்துவரலாம் என்றால், ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் போலீஸ்காரர்கள் பூசணிக்காயைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் விட்டார்கள்.

இத்தனை பாடும் மாமனார் ராஜகோபாலுக்காக. வெள்ளைக்காரன் இருந்த வரைக்கும் அவர் பெங்களூர் கண்டோன்மென்டில் ஒரு பட்டாளத்து மெஸ்ஸில் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று கேட்டால் நேராகச் சொல்லமாட்டார். "காலையில நான் போய் நிக்காம கர்னல் வெளிய கிளம்பமாட்டாரு" என்பார். அந்த மிடுக்கைப் பார்த்தவர்கள் மேற்கொண்டு கேட்கத் துணிந்ததில்லை. வெள்ளைக்காரன் கப்பல் ஏறியதும் சத்துவாச்சாரிக்கு வந்து சொந்த வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

செண்பகத்தைப் பெண் கேட்டுப் போனபோது, "தோல்ல கை வெக்கறவனுக்கு என் பொண்ணக் குடுக்கறதா?" என்று ஒரே பிடியாக நின்றார். அவருடைய தங்கை அம்சவேணிதான் அண்ணனோடு மல்லுக்கு நின்று கல்யாணத்தை முடித்துவைத்தாள். கல்யாணத்தன்று மாமனார் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். பட்டைத் தண்ணீரில் நின்று நின்று கணுக்கால் வரை சிவப்பேறிய கால் அது. பார்த்துவிட்டு, பந்தியில் உட்காராமலே பஸ் ஏறிவிட்டார். அன்றிலிருந்து மகள் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. காசிநாதனை மாப்பிள்ளை என்று ஒரு தடவை கூப்பிட்டதும் இல்லை.

அந்த நாளைய ஆம்பூரில் அப்படிச் சிவந்த கால்களுக்குப் பஞ்சமே கிடையாது. மாலையில் சங்கு ஊதியதும் டேனரிகளின் கதவு திறந்து ஆட்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். பட்டை வாசனையும் பீடிப் புகையும் பேச்சுமாகத் தெருவே நிறைந்துபோகும். காலைப் பார்த்தே யார் எந்தக் குழியில் நிற்கிறான் என்று சொல்லிவிடலாம். அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததாக ஞாபகமில்லை. காசிநாதனுக்கும் இருந்ததில்லை, மாமனார் குனிந்து பார்த்த அந்த ஒரு நாளைத் தவிர.

இப்போது அந்த மாமனார் வருகிறார். குழந்தை பூரணிக்கு ஞாயிற்றுக்கிழமை காது குத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். செண்பகத்துக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லாததால் தாத்தாவின் மடியை விட்டால் வேறு மடி கிடையாது. அம்சவேணி போய் மன்றாடி ஒரு சம்மதம் வாங்கிவந்திருந்தாள். சனிக்கிழமையே வருவார். ஆனால் வீட்டில் தோல் நாற்றம் அடித்தால் வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவார்.

"வந்தவர தங்க வெக்கணும்" என்று காசிநாதன் கவலைப்பட்டான். "உங்கப்பாவுக்கு இன்னாதான் புடிக்கும்?"

செண்பகம் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு கையில பீரு வாசன அடிக்கும்" என்றாள். "சாயங்காலம் வந்து என்னைத் தூக்குவாரு பாருங்க, அந்தக் கையில. இன்னிக்கும் அப்பான்னு நெனச்சா மொதல்ல அந்த வாசனதான் வருது. வெள்ளக்காரன் போனப்புறம் அந்தக் கை வெறும் கையாப் போச்சு. அதுக்கப்புறந்தான் அவரு சிரிக்கறதையே உட்டுட்டாரு."

சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அதைப் பார்த்த பிறகு பீர் போடாமல் இருப்பானா ஒரு புருஷன்?

வழி சொன்னது பக்கத்து வீட்டு சவுரியம்மாள். ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் ஒரு எஞ்சின் டிரைவர் துரை வீட்டில் சமையல் செய்தவள். கிறிஸ்துமஸ் வந்தால் அந்த வீட்டில் அவள்தான் ஒயினும் போடுவாள், பீரும் போடுவாள்.

"பார்லிய மருந்துக்கடையில வாங்கி மொளகட்டாத. அது தோலு எடுத்தது, மொளைக்காது, ஊசித்தான் போவும்" என்றாள் முதலில். "கேவுருதான் சரி. ஊற வெச்சு, மொளகட்டி, வெயில்ல காயவெச்சு, லேசா வறுத்து ஒடச்சுக்க. தண்ணி விரல வெச்சா சுருக்குங்கணும், ஆனா கொதிக்கக்கூடாது. அதுல ஊறவெச்சு வடிகட்டு. அப்புறமா கசப்பு போட்டுக் கொதிக்க உடு."

"இன்னா கசப்புக்கா?"

"தொர வூட்ல சீமையிலேருந்து ஒரு பூவு வரும். நமக்கு ஏது? ஒரு புடி வேப்பம்பூ போதும். நல்லா ஆறினதும் ரொட்டிக்கடை ஈஸ்ட்ட கரைச்சு ஊத்து. சுடச்சுட ஊத்துனா செத்துப்பூடும். பானைய வெந்நியில கழுவு. துணியக் கட்டி, குளுமையான எடத்துல வெச்சுட்டு, அது பக்கமே போவாத."

"போவாம எப்டிக்கா? தெனமும் பாக்க வேணாவா?"

"புள்ள தூங்கறப்ப போயி போயி எழுப்பிப் பாப்பியா? சத்தம் அடங்கற வரைக்கும் சும்மா கெடக்கட்டும். சும்மா இருக்கறதுதான் காசி இதுல பெரிய வேல."

உலகத்தில் எந்த வேலையைக் கொடுத்தாலும் காசிநாதன் செய்வான், சும்மா இருக்கிற வேலையைத் தவிர. மேலும் வேப்பம்பூ பூக்கிற மாசமும் அது இல்லை. கசப்புதானே வேண்டும் என்று டேனரியிலிருந்து ஒரு கை ஆவாரம்பட்டையை மடியில் கட்டிக்கொண்டு வந்து கொதிக்கவைத்தான். நிறம் பிரமாதமாக வந்தது. அந்த நிறத்தைப் பார்த்ததும் அவனுக்குள் இருந்த மேஸ்திரி விழித்துக்கொண்டான்.

பட்டைக்குழிக்கு ஒரே சட்டம்தான். காலையில் வந்ததும் மீட்டரைக் குழியில் மிதக்கவிட வேண்டும். மீட்டர் அமிழ்ந்தால் தண்ணீரின் காரத்தைத் தோல் குடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே புதுப்பட்டையைப் போட்டு ஏற்றவேண்டும். ஏற்றாவிட்டால் தோல் கெடும், மேஸ்திரிக்கு வேலை போகும். அந்த மீட்டரில் பழசு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து பானையில் மிதக்கவிட்டான். ஒவ்வொரு நாளும் அது அமிழ்ந்தது. ஒவ்வொரு நாளும் அவன் வெல்லத்தைப் போட்டு ஏற்றினான்.

புதன்கிழமை வாக்கில் பானை பேச ஆரம்பித்தது. குமுகுமு என்று ஒரு சத்தம், இடையிடையே ஏப்பம். வாசனையும் கிளம்பிவிட்டது. இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர் ஏட்டு சாமிநாதன். மதுவிலக்குப் பிரிவு.

"மேஸ்திரி" என்று அவர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "உங்க வூட்லேருந்து இன்னா ஒரு வாசன வருது?"

"டேனரி வாசனைங்க ஏட்டய்யா. துணியிலயே ஒட்டிக்கினு வந்துடுது."

"நானும் இந்த ஊருக்கு மாத்தலாகி வந்ததிலேருந்து டேனரி வாசன புடிக்கறேன். இவ்ளோ நல்லாருந்து பாத்ததில்லயே."

ஏட்டின் தலை மறைந்தது. ஆனால் மூக்கு சுவருக்கு அப்பால் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது காசிநாதனுக்குக் கேட்டது.

மறுநாள் அவன் ஒரு காரியம் செய்தான். உப்புப் போட்ட பச்சைத் தோல் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டுவந்து குளியலறைக் கொடியில் விரித்துவிட்டான். அதன் முன்னால் பீர் வாசனை எம்மாத்திரம்? சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. காசிநாதன் நிம்மதியாக மூச்சு விட்டான். அடுத்த மூச்சை உள்ளே இழுத்தபோதுதான் செண்பகம் வந்து நின்றாள்.

"தோல் நாத்தம் அடிச்சா வந்த வண்டிலயே போயிடுவேன்னு சொன்ன மனுஷனுக்கு, கொடியில தோலயே காயப்போட்டிருக்கீங்க" என்றாள், மூக்கைப் புடவையால் மூடிக்கொண்டு.

அவன் அதை மறந்தே போயிருந்தான்.

தோலைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டாயிற்று. நாற்றம் போகவில்லை. இனி பானையைத் திறந்துவைப்பதும் ஆபத்து என்று பாட்டிலில் அடைக்க முடிவு செய்தான். சவுரியம்மாள் பரணிலிருந்து துரை வீட்டுக் காலி பாட்டில்கள் ஆறு கொடுத்தாள்.

"சத்தம் அடங்கிச்சா காசி?"

"அடங்கல. ஆனா மீட்டரு நல்லா ஏறி நிக்குதுக்கா. இப்பதான் வெல்லம் போட்டேன்."

சவுரியம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"மீட்டரா? இன்னா மீட்டரு?"

அவன் சொன்னான். தினமும் இறங்கியதையும் தினமும் ஏற்றியதையும் பெருமையோடு சொன்னான். சவுரியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அட பாவி. இறங்கினாதான்யா அது பீரு. இனிப்பத் தின்னுட்டுத்தான் அது சரக்காவுது. நீ தின்னத் தின்ன ஊட்டிக்கினே இருந்திருக்க. இத பாட்டில்ல அடச்சா வெடிக்கும்."

"வெடிக்காதபடி நான் கட்டறேன்க்கா" என்றான் காசிநாதன்.

கட்டினான். தக்கையை அடித்து இறக்கி, அதன்மேல் நனைத்த பச்சைத் தோல் வாரைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இறுக்கினான். ஈரத்தோல் காயக் காயச் சுருங்கும், சுருங்கச் சுருங்க இன்னும் இறுகும். யானையைக் கட்டினாலும் அறாது. ஆம்பூர்க்காரனைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிருக்காத யோசனை அது. வேறு யாருக்கும் அது தோன்றியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் செண்பகம் நாற்றத்தைப் போக்க வீடெல்லாம் சாம்பிராணி போட்டாள். நாற்றம் அதிகமாக இருந்தது குளியலறையில்தான் என்பதால் கரிச்சட்டியை அங்கேயே வைத்துக் கதவைச் சாத்தினாள். பாட்டில்களும் அங்கேதான் இருந்தன.

முதல் பாட்டில் வெடித்தபோது காசிநாதன் பட்டாசு என்று நினைத்தான். இரண்டாவது வெடித்தபோது நினைக்கவில்லை, ஓடினான். அவன் கதவைத் திறப்பதற்குள் மூன்றும் நான்கும் போயின. ஐந்தாவது அவன் கண்ணெதிரிலேயே போனது. கூரையிலிருந்து நுரை சொட்டியது. கரிச்சட்டி அணைந்து புகைந்தது. ஒரே ஒரு பாட்டில் மட்டும் மூலையில் முழுசாக நின்றது. அதை வேட்டி முனையில் பொதிந்து, குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது.

முதலில் அம்சவேணி இறங்கினாள். பின்னால் ராஜகோபால். வெள்ளை வேட்டி, மூடிய கழுத்துக் கோட்டு, தோளில் துண்டு. காலில் கறுப்பு ஷூ. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படிப் பளபளத்தது.

அவர் படியில் கால் வைக்கவில்லை. வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார். சாம்பிராணி, அதற்கடியில் பச்சைத் தோல். அவருடைய முகம் இறுகியது.

"அம்சா, வண்டிய போகச் சொல்லாத."

"அப்பா" என்றாள் செண்பகம். இடுப்பில் பூரணி தாத்தாவை வேடிக்கை பார்த்தாள்.

இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. காசிநாதன் பாட்டிலோடு முன்னால் வந்தான்.

"மாமா, உங்களுக்குன்னு போட்டது" என்று சொல்லிக்கொண்டே தோல் வாரைக் கத்தியால் அறுத்தான்.

தக்கை எதிர்வீட்டு ஓட்டில் போய் விழுந்தது. சரக்கு அவ்வளவும் ஒரே வீச்சாக வெளியே வந்தது. குதிரை இரண்டடி பின்வாங்கியது. நுரை அடங்கியபோது கால் பாட்டில்தான் மிச்சம். மீதியெல்லாம் மாமனாரின் வேட்டி முனையிலும் கறுப்பு ஷூவிலும் வழிந்துகொண்டிருந்தது.

காசிநாதனுக்குக் குழந்தையின் காது, மனைவியின் நிம்மதி எல்லாம் அந்த நுரையோடு வாசல் மண்ணில் ஊறிப்போவதாகத் தோன்றியது.

அப்போது பார்த்து ஏட்டு சாமிநாதன் பூட்ஸ் காலோடு வந்து நின்றார்.

"இன்னா மேஸ்திரி, உங்க வூட்ல வெடிச் சத்தம்?" அவர் குனிந்து மூச்சை இழுத்தார். "இது இன்னாது, கையில?"

காசிநாதன் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ஜெயிலுக்கு யார் சாப்பாடு கொண்டுவருவார்கள் என்று யோசித்தான்.

ராஜகோபால் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்தார். ஒரு விரலால் நுரையைத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். அவருடைய முகத்தில் இறுகியிருந்தது ஏதோ தளர்ந்தது. தோள் துண்டை எடுத்து விரலில் சுற்றி, ஷூவின் முனையில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினார்.

"நீங்களாச்சும் சொல்லுங்க பெரியவரே. இன்னாது இது?"

"பூட்ஸ் பாலிஷ்" என்றார் ராஜகோபால், தலை நிமிராமல்.

"பாலிஷா?"

"வெள்ளக்கார பட்டாளத்து மொற. கால இப்டி வெய்யி."

அதிகாரத்துக்குப் பழகிய குரல். ஏட்டு தம்மையறியாமல் காலைப் படியில் வைத்தார். ராஜகோபால் காசிநாதனிடமிருந்து பாட்டிலை வாங்கி நாலு சொட்டு விட்டு, ஊதி, தேய்த்து, மறுபடி ஊதினார். சர்க்கார் கொடுத்த நாளிலிருந்து பளபளப்பையே அறியாத அந்த பூட்ஸ் வெயிலில் மின்னியது. ஏட்டு காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல இன்னா கலந்த மாப்ள?" என்று கேட்டார் ராஜகோபால்.

மாப்பிள்ளை என்றது தன்னைத்தான் என்று காசிநாதனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆவாரம்பட்ட, மாமா."

"அதான் தோலு இப்டிக் குடிக்குது" என்றார் அவர். சிரித்தார். செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"திங்கக்கெழம பரேடு இருக்கு" என்றார் ஏட்டு, புறப்படும்போது. "மிச்சத்தக் கீழ ஊத்திடாத மேஸ்திரி. நானே வந்து வாங்கிக்கறேன்."

வண்டி காலியாகத் திரும்பிப் போனது. உள்ளே ராஜகோபால் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கர்னலின் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பூரணி அவர் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். செண்பகம் அதைப் பார்த்துக்கொண்டே சோற்றைக் குழைய விட்டாள். காசிநாதனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. எவ்வளவு பெரிய மனிதர். இந்தச் சிவந்த காலுக்காக ஒரு ஏட்டின் காலடியில் உட்கார்ந்துவிட்டாரே.

கொல்லைப்பக்கம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்சவேணியிடம் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அத்த, மாமா எனக்காக இவ்ளோ பெரிய பொய்ய சொல்லிட்டாரே."

"பொய்யா?" என்றாள் அம்சவேணி. "எங்கண்ணன் பீர ஒரு நாளும் வாயில வெச்சதில்ல தம்பி. தொரைங்க குடிச்சு மீந்தத எடுத்து தொரைங்க பூட்ஸுக்குத் தேச்சாரு, உன்ன மாதிரியே தோல்ல கை வெச்சுத்தான் உன் பொண்டாட்டிய வளத்தாரு."